பேட்டரிப் பெட்டிச் சாம்பல்

எங்கள் லயத்தில், எஸ்டேட் கூலிவீட்டு வரிசையில், என் நோயைப் பற்றி நாலு கதை உலவுகிறது. எனக்கு யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்பது ஒன்று. கொழுந்து எடுக்கச் சோம்பல்பட்டு நடித்தேன் என்பது இன்னொன்று. ஆஸ்பத்திரியில் பாதிக் குடலை வெட்டி எடுத்துவிட்டார்கள் என்றும் ஒரு கதை. கடைசிக் கதை, என் கெட்ட மனசுக்குக் கர்த்தர் கொடுத்த கூலி. முதல் மூன்றும் சுத்தப் பொய். கடைசியில் மட்டும் கொஞ்சம் உண்மை உண்டு. அதை மற்றவர்கள் வாயில் போட்டு மெல்ல வேண்டாம், நானே எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு 'ஐயோ பாவம்' என்று சொல்ல வருகிறவர்கள் வாசலோடு நின்றுகொள்ளட்டும்.

என் பெயர் மரியபுஷ்பம். மூணாற்றில் மாட்டுப்பட்டிக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடுப்பவள். எட்டாம் வகுப்பு வரை படித்திருப்பதால் லயத்தில் பாதி வீட்டுக்குக் கடிதம் எழுதுவதும் நான்தான். திருநெல்வேலிப் பக்கம் என் அக்கா வீட்டில் இருந்து படிக்கும் என் மகள் தெரேசாவுக்கும் வாரம் ஒரு கடிதம் போகும். கொழுந்துக்கு இரண்டு கையும் வேண்டும், கடிதத்துக்கு வலது கை வேண்டும். அந்த வலது கைதான் என்னை விட்டுப் போகப் பார்த்தது.

தொடங்கியது எமர்ஜென்சி வருவதற்கு முந்தின வருஷத்து மழையில். மூணாற்று மழையைப் பற்றிக் கீழே இருப்பவர்களுக்குச் சொன்னால் புரியாது. ஜூனில் பிடித்தால் துணி காயாது, சுவர் காயாது, விறகு காயவே காயாது. எஸ்டேட்டில் கொடுக்கும் விறகும் ஈரம், பொறுக்கி வரும் கவாத்துக் குச்சியும் ஈரம். விடியுமுன் எழுந்து ஊதுகுழலோடு மல்லுக்கட்டிக் கண்ணெல்லாம் சிவந்து, கஞ்சி கொதிக்கும்போது மஸ்டரில் பேர் கொடுக்க நேரமாகிவிடும். லயத்தில் எல்லா வீட்டிலும் இந்தக் கூத்துதான், என் வீட்டைத் தவிர.

என் வீட்டுக்காரர் சூசை, எஸ்டேட் ஜீப் ஷெட்டில் மெக்கானிக்குக்குக் கையாள். செத்துப்போன ஜீப் பேட்டரியை உடைத்து உள்ளே இருக்கும் காரீயத் தகடுகளை எடுத்து வைப்பது அவர் வேலை. தகட்டை வாங்க வியாபாரி வருவான். மிஞ்சுகிற கறுப்புப் பெட்டியை யாரும் சீந்த மாட்டார்கள். கெட்டி ரப்பர், மேலே தார், உள்ளே தகடுகளுக்கு நடுவே மெல்லிய மரச் சீவல்கள். மூன்றும் எரிகிற சாதி. ஒருநாள் இரண்டு துண்டு கொண்டுவந்து அடுப்பில் போட்டார். நாற்றம் குடலைப் பிடுங்கியது. ஆனால் குபுக்கென்று பிடித்து, மேலே வைத்த பச்சை விறகையும் சேர்த்து எரித்தது. அன்றிலிருந்து சாக்குச் சாக்காக வந்தது. மூன்று மழைக்காலம் என் வீட்டுப் புகைதான் லயத்தில் முதலில் எழும்பியது. எனக்கு அதில் பெருமை, மறைப்பானேன்.

பக்கத்து வீட்டு எஸ்தருக்கு மூன்று பிள்ளைகள். அவள் வீட்டுக்காரர் பேக்டரியில் அடுப்புப் பார்க்கிறவர், ஆனால் வீட்டு அடுப்புக்கு ஒரு குச்சி கொண்டுவரத் துப்பில்லை. ஒருநாள் கொட்டுகிற மழையில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"எக்கா, ஒரே ஒரு துண்டு குடேன். பிள்ளைகளுக்குக் கஞ்சி வைக்கணும். கடைசிச் சின்னது பசியில கத்துதான்."

"இன்னைக்குத் துண்டும்பே, நாளைக்குப் பெட்டியைக் கேப்ப. உன் வீட்டுக்காரரு பேக்டரியிலதான இருக்காரு? அங்கன கேளு."

"காலம்பூரா ஜெபமாலை உருட்டி என்ன பிரயோஜனம், மனசுல இரக்கம் வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் வேறு சபைக்காரி, நாங்கள் மாதா கோயில். அந்த நெருப்பும் சேர்ந்து எரிந்தது. அதன்பிறகு கடிதம் எழுத வேண்டியிருந்தால் மட்டும் என் வாசலுக்கு வருவாள், மற்ற நாளில் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அடுப்புச் சாம்பலையும் நான் வீணாக்கவில்லை. மெல்லிய துணியில் சலித்து டப்பாவில் வைத்துக்கொள்வேன். பாத்திரம் தேய்க்க அது, அவரைப் பந்தலுக்குத் தூவ அது, பல் தேய்க்கவும் அது. சூசைக்குக் கடையில் வாங்கிய ரோஸ் கலர் பல்பொடிதான் வேண்டும். வாய் மணக்க வேண்டுமாம், ஷெட்டில் யார் மோந்து பார்க்கப் போகிறார்களோ. எனக்குச் சாம்பலே போதும். மற்ற வீட்டுச் சாம்பலைவிட என் சாம்பல் கொஞ்சம் மஞ்சள் ஓடி மாவு மாதிரி இருக்கும். தேய்த்து முடித்த பிறகும் வாயில் ஒரு தித்திப்பு நிற்கும். அதையும் நான் நல்லதென்றே நினைத்தேன்.

மூன்றாவது மழையில் வயிற்றைப் பிடித்தது. பிடித்தது என்றால் தொப்புளுக்கு உள்ளே ஒருவன் கையை விட்டுக் குடலைத் துணி பிழிவதுபோல் பிழிந்தான். வெளிக்குப் போய் ஐந்து நாள், ஆறு நாள் ஆகும். அம்மிக் குழவியைத் தூக்கி வயிற்றில் வைத்துக்கொண்டு படுத்தால் கொஞ்சம் அடங்கும். டிஸ்பென்சரி கம்பவுண்டர் என் வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"பூச்சிம்மா. விளக்கெண்ணெய் குடி."

குடித்தேன். இரண்டாம் தடவை போனபோது, "லீவு வேணும்னா நேரா கேளேன்" என்றார். வேலை நேரத்தில் பிள்ளை பெற்றால்கூட நடிப்பு என்று எழுதுகிற ஆள் அவர். முகம் வெளுத்து, இரண்டு படி ஏறினால் மூச்சு வாங்கியது. எடை போடும் இடத்தில் சூப்பர்வைசர் என் கூடையைப் பார்த்து, "என்ன புஷ்பம், வீட்ல சம்பாத்தியம் கூடிப்போச்சோ?" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்கள் ஒவ்வொருவர் முகமும் எனக்கு நினைவிருக்கிறது.

அடுத்தது கை. கொழுந்தைக் கிள்ளிய பிறகு வலது கையில் நடுவிரலும் மோதிரவிரலும் நிமிர மாட்டேன் என்றன. மரத்துப் போகவில்லை, குளிர் சூடு எல்லாம் நன்றாகத் தெரிகிறது. சொன்ன பேச்சைத்தான் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எஸ்தர் தாள் வாங்கிக்கொண்டு வந்தாள். ஊரில் அவள் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், விசாரித்து எழுத வேண்டும்.

"அன்புள்ள அம்மாவுக்கு" என்று எழுதியதும் பேனா சாய்ந்தது. மறுபடி பிடித்தேன். மணிக்கட்டு தொங்கிப் பேனா தாளில் கோடு இழுத்துக்கொண்டு போனது.

"எனக்கு முடியல. நாளைக்கு வா."

"முடியலையா, மனசில்லையா?" அவள் தாளை வெடுக்கென்று பிடுங்கினாள். "விறகுதான் தரமாட்டன்னு பாத்தேன். எழுத்தும் தரமாட்டியாக்கும். கண்ணு தெரியாம கெடக்குற கிழவி மேல என்னட்டி கோவம் உனக்கு?"

வயதில் மூத்த என்னை 'ட்டி' போட்டு அவள் பேசியது அன்றுதான் முதல் தடவை. எனக்கும் பதில் சொல்ல நாக்கு துடித்தது, ஆனால் கையைப் பார்த்துப் பயந்துபோய் இருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. கை விழுந்தவளை எஸ்டேட்டில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். பேர் வெட்டினால் வேலை மட்டுமல்ல, என் பேரில் இருக்கும் வீடும் போகும்.

அந்த வாரமே வாந்தி எடுத்துக் கொழுந்துக் காட்டில் விழுந்தேன். சூசை, மெக்கானிக்கின் காலில் விழாத குறையாக ஜீப் கேட்டு, என்னை மலையடிவாரத்து டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லமாட்டேன். வயிற்றைக் கிழிக்கப் பார்த்ததும் அங்கேதான், உயிர் மீண்டதும் அங்கேதான், கணக்கு சரி.

காத்திருக்கும் இடத்தில் பெஞ்சு போதாமல் தரையில் சுருண்டு கிடந்தேன். மேலே தாண்டிப் போகிறவர்கள் சேலை நுனி முகத்தில் உரசும். சீட்டு எழுதுகிறவன் ஊர் கேட்டான், எஸ்டேட் கேட்டான், என்ன வலி என்று கடைசியில் கேட்டான். பிறகு எனிமா, எக்ஸ்ரே, ரத்தம், மூத்திரம். எக்ஸ்ரே படத்தில் குடல் முழுக்கக் காற்று நிற்பதாகச் சொன்னார்கள். இரண்டு நாள் கழித்துப் பெரிய டாக்டர் வந்து என் கட்டிலருகே நின்று, என்னைத் தவிர மற்ற எல்லோரிடமும் பேசினார். குடலில் அடைப்பு, திறந்து பார்க்க வேண்டும் என்று முடிவாயிற்று. கையைக் காட்டினேன். "அது ஊசி போட்ட வலி" என்றார் ஒரு சின்ன டாக்டர். ஊசி போட்டது இடது கையில்.

சூசை கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு வந்து என் தலையை வாரினார். அவருக்கு வாரவே வராது. சிக்கை இழுத்து இழுத்துக் கண்ணீர் வந்தது. "விடுங்க, மொட்டையே அடிச்சிருங்க" என்று கத்தினேன். அப்படியும் விடாமல் கோணல்மாணலாக ஒரு பின்னல் போட்டுவிட்டார். அந்தப் பின்னலோடுதான் தள்ளுவண்டியில் ஏறினேன். உள்ளே பயம் பயமாக வந்தது. தெரேசாவுக்கு அந்த வாரக் கடிதம் போகவில்லை என்பதே திரும்பத் திரும்ப ஓடியது.

ஆபரேஷன் அறை வாசலில் மயக்கம் கொடுக்கும் டாக்டர் வந்தார். ஒல்லி ஆள், சிடுசிடுப்பு, மலையாளம் கலந்த தமிழ். மயக்கத்தில் பல் கழன்று தொண்டையில் விழக்கூடாது என்பதற்காக வாயைப் பார்ப்பார்களாம்.

"வாய் தொறக்கு." திறந்தேன். உதட்டைக் கீழே இழுத்தார். டார்ச் அடித்தார். மேல் உதட்டைத் தூக்கினார். "பல்லு எதுல தேய்க்கும்?"

வயிறு வலித்துச் சாகப் போகிறேன், பல்லைப் பற்றிக் கேட்கிறான் என்று எனக்கு ஆத்திரம். "சாம்பல்ல. நாங்க ஏழைங்க."

"என்ன அடுப்புச் சாம்பல்? என்ன எரிக்கும்?"

"விறகு. அப்புறம் பேட்டரிப் பெட்டி."

அவர் டார்ச்சை அணைத்தார். வயிற்றில் உள்ளங்கையை வைத்து அழுத்தி, "இப்ப வலி கூடுதா, கொறையுதா?" என்றார். குறைகிறது என்றேன். மூன்று மாதத்தில் ஒருத்தரும் கேட்காத கேள்வி. பிறகு என் வலது முழங்கையைப் பிடித்து நீட்டினார். "கதவு தட்டற மாதிரி கையைப் பொக்கு." உயர்த்த முடியவில்லை. மணிக்கட்டுக்குக் கீழே கை செத்த கோழிக் கழுத்தாகத் தொங்கியது. அவர் திரும்பி, கையுறை போட்டு நின்றிருந்த பெரிய டாக்டரிடம் ஏதோ சொன்னார். குரல்கள் தடித்தன. கடைசியில் தள்ளுவண்டியை வந்த வழியே திருப்பினார்கள். வார்டில் உட்கார்ந்திருந்த சூசை நான் செத்துவிட்டேன் என்று நினைத்து எழுந்தே நிற்கவில்லை.

என் ஈறில், பல்லை ஒட்டி, நீலக் கறுப்பாக ஒரு கோடு ஓடியிருந்தது. மை தொட்டு இழுத்த மாதிரி. கண்ணாடியில் பார்த்திருக்கிறேன், வெற்றிலைக் கறை என்று விட்டுவிட்டேன். அது காரீயம் உடம்பில் ஏறியதன் அடையாளம் என்று டாக்டர் சொன்னார். விரல் நுனியில் குத்தி ரத்தத்தைக் கண்ணாடியில் பூசிப் பார்த்தபோது சிவப்பு அணுக்களில் பொட்டுப் பொட்டாக நீலப் புள்ளி இருந்ததாம். பெட்டிச் சுவரிலும் மரச் சீவலிலும் ஊறியிருக்கும் காரீயம் எரியும்போது புகையாகி வீடெல்லாம் படியும், மிச்சம் சாம்பலில் தங்கும். அதை நான் சலித்து மூக்கால் இழுத்து, விரலால் எடுத்துப் பல்லில் தேய்த்து, எச்சிலோடு விழுங்கியிருக்கிறேன். மூன்று வருஷமாக, வேளை தவறாமல். அந்தக் காரீயம் ரத்தத்தைக் கெடுத்து, குடலை இறுக்கி, கையைத் தூக்கும் நரம்பில் போய் உட்கார்ந்துகொண்டது.

"பாத்திரத்துல ஈயம் பூசுதோமே டாக்டர்" என்றார் சூசை, ஈனக் குரலில்.

"அது வெள்ளீயம். இது வேற. உன் பாரியாளுக்கு நீ மூணு வருஷம் விஷம் கொடுத்திருக்கு."

சூசையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. எனக்கு இரக்கம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இவர் ஷெட்டில் தகட்டைத் தொடாதே, கை கழுவு என்று மெக்கானிக் சொல்வாராம். பெட்டியைப் பற்றி யாரும் சொல்லவில்லையாம். "உங்களுக்குப் பல்பொடி, எனக்கு விஷமா?" என்று வார்டே கேட்கக் கத்தினேன். அவர் ரத்தத்திலும் கொஞ்சம் இருந்தது, மாத்திரை கொடுத்தார்கள். அடுத்த நாள் அவர் கொண்டுவந்து நீட்டிய முதல் சாமான் ஒரு ரோஸ் பல்பொடிப் பொட்டலம். அதை வாங்கிக் கட்டிலுக்குக் கீழே எறிந்தேன். சாயங்காலம் நானே குனிந்து எடுத்தேன்.

வயிற்று வலிக்கு நரம்பில் கால்சியம் ஏற்றினார்கள். ஏறும்போது நாக்கிலிருந்து உள்ளங்கால் வரை வெந்நீர் ஓடுவது தெரிந்தது. அது முடியும்போது, மூன்று மாதமாக என் குடலைப் பிழிந்துகொண்டிருந்தவன் கையை எடுத்துவிட்டான். தூங்கினேன். அடுத்து, காரீயத்தைப் பிடித்து மூத்திரத்தோடு வெளியே இறக்குகிற மருந்தைப் பாட்டிலில் தொங்கவிட்டார்கள். ஐந்து நாள் ஏற்றி, நாலு நாள் உடம்புக்கு ஓய்வு விட்டு, மறுபடி ஐந்து நாள். என் மூத்திரத்தை ஒரு சொட்டு விடாமல் ஜாடியில் பிடித்து அளந்தார்கள். நர்ஸ் ஜாடியைத் தூக்கிக்கொண்டு போகும்போது மற்ற கட்டில்காரிகள் மூக்கைப் பொத்துவார்கள். என் கையைப் பலகை வைத்துக் கட்டியிருந்தது. சூசைதான் கஞ்சி ஊட்டினார். வாயைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு அவர் கையைக் கடிக்கத் தோன்றியது.

மயக்க டாக்டர் தினம் வருவார். கட்டை அவிழ்த்து, "கதவு தட்டு" என்பார். கை தொங்கும். "மெல்ல வரும். வராமலும் போகும். ரெண்டாம் தடவை மருந்து கழிஞ்சா தெரியும்" என்பார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். அதற்காகவே அவரைப் பிடித்தது.

அவர் சூசையிடம் தெளிவாகத்தான் சொன்னார்: "வீட்டில் பாக்கி இருக்கிற பெட்டித் துண்டு, சாம்பல் எதுவும் இருக்கக் கூடாது. எரிக்காதே. எங்கேயாவது எறியாதே. தண்ணீர்ப் பக்கம் கொட்டாதே. ஈரத் துணியால் துடைத்து எடுத்து, எல்லாத்தையும் மூடி உள்ள டிரம்மில் அடைத்து, வந்த இடத்திலேயே திருப்பிக் கொடு." நாலு வார்த்தை சொன்னால் முதல் வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டு ஓடுவது என் வீட்டுக்காரர் வழக்கம். மேலே போய் ஒரு நாளில் திரும்பி வந்தார், பெரிய காரியம் முடித்த முகத்தோடு.

"வீட்டைச் சுத்தம் பண்ணியாச்சு புஷ்பம். ஒரு துண்டு இல்ல."

"எங்கன போட்டீங்க?"

"லயத்துக்குப் பின்னால, குப்பைக் குழியில."

மழைக்காலத்தில், எரிகிற சாமானை, லயத்துக்குப் பின்னால் போட்டுவிட்டு வந்திருக்கிறார். தங்கத்தைக் கொட்டியிருந்தால்கூட ஒரு நாள் கிடந்திருக்கும். "போங்க, போய் அள்ளுங்க" என்று விரட்டினேன். அடுத்த ஜீப்பில் போனார். மறுநாள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். குழியில் ஒன்றும் இல்லை. எஸ்தர் மூன்று நடையாக வீட்டுக்குச் சுமந்துவிட்டாளாம். இவர் வாசலில் நின்று விஷம் என்று சொன்னதற்கு அவள் சொன்ன பதிலை, தயங்கித் தயங்கி என்னிடம் சொன்னார்:

"'இத்தனை வருஷம் நீங்க எரிக்கையில விஷமா இல்ல, நான் எரிச்சா விஷமாயிருதோ? கட்டில்ல கெடந்துக்கிட்டும் அவளுக்குக் குடுக்க மனசு வரல பாருங்க'ன்னு சொல்லுதா."

அவள் சொன்னதில் என்ன தப்பு? மூன்று வருஷம் நான் சேர்த்து வைத்த பேர் அது. என் கஞ்சத்தனத்தால் அவள் பிள்ளைகள் அதுவரை தப்பித்தார்கள், அதே கஞ்சத்தனத்தால் இப்போது என் வாய்ச்சொல்லை அவள் நம்ப மாட்டாள். எனக்கு அவளைப் பிடிக்காது. ஆனால் அந்தக் கடைசிச் சின்னது சாம்பலைத் தொட்டு வாயில் வைக்கும் என்பது தெரியும். எல்லா வீட்டிலும் வைக்கும்.

ஐந்து நாள் மருந்து முடிந்து ஓய்வு நாள் வந்ததும் டாக்டரிடம் மேலே போய் வருகிறேன் என்றேன். முதலில் எரிந்து விழுந்தார். விஷயத்தைக் கேட்டபின் நகத்தைக் கடித்தார். "நாலாம் நாள் காலை இங்கே இருக்கணும். மருந்து விட்டுப்போனால் கை போச்சு. உன் வீட்டுக்குள்ளே தங்கக் கூடாது." சூசையின் அண்ணன் வேறு லயத்தில் இருந்தார். அங்கே படுத்துக்கொள்வதாகச் சத்தியம் செய்தேன்.

ஜீப்பிலிருந்து இறங்கும்போது காலை எட்டு மணி இருக்கும். ஞாயிற்றுக்கிழமை, ஆகவே எல்லோரும் வீட்டில். எஸ்தர் வீட்டுக் கூரையிலிருந்து அந்த நாற்றம் வந்தது. மூன்று வருஷம் என் மூக்குக்குப் பழகிய நாற்றம், இப்போது குமட்டியது.

"எஸ்தரு, அடுப்பை அணை."

அவள் வாசலுக்கு வந்தாள், கையில் ஊதுகுழலோடு. பக்கத்து வீடுகளிலிருந்தும் தலைகள் எட்டிப் பார்த்தன.

"வந்துட்டியா எக்கா? செத்துப் போவன்னாங்களே. பெட்டியைத் திருப்பி வாங்கிட்டுப் போகவா வந்த?"

"ஆமா, வாங்கத்தான் வந்தேன். நீ என்னைத் திட்டணும்னா அப்புறமாத் திட்டு. முதல்ல அணை."

"குப்பையில கெடந்தது. உன் பேரு எழுதியிருந்துச்சா?"

எனக்குக் கத்த வந்தது. கத்தினால் அவளும் கத்துவாள், அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும். பலகைக் கட்டைப் பல்லால் இழுத்து அவிழ்த்தேன். முழங்கையைத் தூக்கிக் காட்டினேன். கை தொங்கியது.

"உங்க அம்மாவுக்கு லெட்டர் எழுத மனசில்லன்னு சொன்னியே. இந்தக் கையாலதான் எழுதணும். இப்ப நீ பேனாவைக் குடு, எழுதுதேன் பாப்போம்."

நான் அவள் முன்னால் போய் நின்று, இடது கையால் என் கீழ் உதட்டைப் பிடித்து இழுத்தேன். லயமே பார்த்துக்கொண்டிருக்கிறது, எச்சில் வடிகிறது, நான் மாட்டுத் தரகனிடம் காட்டும் மாடு மாதிரி பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். என் வாழ்நாளில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

"கிட்ட வந்து பாரு. நீலமா ஒரு கோடு தெரியுதா? சாம்பல்ல பல்லு வெளக்கினது. இனி உன் சின்னது வாயைத் தெறந்து பாரு."

எஸ்தர் குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு ஊதுகுழலைக் கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். 'சொய்ங்' என்று தண்ணீர் விழும் சத்தமும், அவள் பிள்ளைகளை ஒவ்வொன்றாக இழுத்து வாயைத் திறக்கச் சொல்லி அதட்டும் சத்தமும் கேட்டன. நான் அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"இவங்களுக்கு ஒண்ணும் இல்ல எக்கா" என்று அழுதுகொண்டே வந்தாள். "அன்னைக்கு நீ தராம விட்டது எவ்வளவு நல்லதாப் போச்சு. கர்த்தர்தான் உன் கையைத் தடுத்தாரு."

"கர்த்தரை எதுக்கு இழுக்க? எனக்குத் தர மனசில்ல, தரல. அதைப் போயி புண்ணியம் ஆக்காத."

அன்று முழுக்க அள்ளினோம். பேக்டரியிலிருந்து அவள் வீட்டுக்காரர் மூடி போட்ட இரும்பு டிரம் ஒன்று கொண்டுவந்தார், அந்த மனுஷன் வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் உருப்படியான சாமான் அது. தூசி பறக்காமல் தண்ணீர் தெளித்து, மூக்கில் துணி கட்டி, அவள் அடுப்புச் சாம்பல், பரணில் மழைக்கென்று பதுக்கிய துண்டுகள், என் சாம்பல் டப்பா, என் அடுப்படிச் சுவரைத் துடைத்த கந்தல், அவரைப் பந்தலின் மேல்மண் எல்லாம் அதற்குள் போயின. நான் ஒரு வேலையும் செய்யாமல் உட்கார்ந்து எல்லோரையும் விரட்டினேன். டிரம் வாய் வரை நிறைந்தது. நாலு ஆண்கள் கம்பு கொடுத்து ஜீப் ஷெட்டுக்குத் தூக்கிப் போனார்கள், நான் பின்னாலேயே போனேன்.

மெக்கானிக் கதவை மறித்தார். "ஷெட்டை விட்டுப் போன சாமான், திரும்ப எடுக்க முடியாது. ஆத்தோரம் எங்கயாவது கொட்டுங்க."

"ஆத்துத் தண்ணிதான் உங்க வீட்டுக்கும் வருது" என்றேன். "வியாபாரி தகட்டை எடுக்க வாரான்ல, இதையும் சேத்து எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. இல்லாட்டி பேட்டரியை யாரும் உடைக்க மாட்டாங்க. எங்க வீட்டுக்காரரு உடைக்க மாட்டாரு."

சூசை என்னைப் பார்த்தார். பிறகு, கல்யாணமாகி முதல் தடவையாக ஒரு மேலாள் முன்னால் வாயைத் திறந்து, "ஆமா, உடைக்க மாட்டேன்" என்றார். மெக்கானிக் முணுமுணுத்துக்கொண்டே ஷெட்டுத் தாழ்வாரத்தில், மழை படாத மூலையைக் காட்டினார்.

நாலாம் நாள் காலை ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன். எஸ்தரின் பிள்ளைகளையும் கூட்டிப் போய் ரத்தம் பார்த்தோம், ஒன்றும் இல்லை. எனக்கு இரண்டாம் ஐந்து நாள் ஏறியது. முடிந்த அன்று டாக்டர் "கதவு தட்டு" என்றார். கை தொங்கியது. அவர் சீட்டில் ஏதோ எழுதிவிட்டுப் போனார். அன்று சூசையைக் கடித்தே விட்டேன், விரலில். அவர் கையை உதறிவிட்டு அடுத்த கரண்டியை நீட்டினார்.

வீட்டுக்கு வந்து ஐந்தாவது வாரம், பலகைக் கட்டை அவிழ்த்துக் கழுவும்போது மணிக்கட்டு தானாக ஒரு விரல்கடை மேலே வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. மறுநாளும் வந்தது. இப்போது பேனா நிற்கிறது. எழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கிறது என்று தெரேசா எழுதியிருக்கிறாள், வந்தால் முதுகில் ஒன்று வைக்கிறேன். எஸ்தருக்கும் அவள் அம்மாவுக்குப் பாதியில் நின்ற கடிதத்தை எழுதிக் கொடுத்தேன். நாங்கள் ஒன்றும் சிநேகிதிகள் ஆகிவிடவில்லை. போன வாரம்கூடக் குழாயடியில் சண்டை.

வியாபாரி இரண்டு தடவை வந்து தகட்டை மட்டும் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். அடுத்த தடவை எடுப்பான் என்கிறார் மெக்கானிக். புதுப் பெட்டிகள் இப்போது வீடுகளுக்குப் போவதில்லை, பக்கத்தில் இன்னொரு டிரம் வைத்திருக்கிறார்கள். அடுத்த மழை வருகிறது. ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவக்கும்போது அந்த மூலையை நினைத்துக்கொள்கிறவர்கள் எங்கள் லயத்திலேயே இருக்கிறார்கள். எனக்கு அவர்களைத் தெரியும், நானே அப்படி ஒருத்திதானே.

அதனால் தினம் மஸ்டருக்குப் போகும் வழியில் ஷெட்டுக்குள் ஒதுங்குகிறேன். மெக்கானிக் என்னைக் கண்டதும் முகத்தைச் சுளிப்பார்.

"யாரும் தொடல. போ."

அவர் சொல்வதை நான் எதற்கு நம்ப வேண்டும்? வலது கையை உயர்த்தி டிரம்மைத் தட்டிப் பார்க்கிறேன். நிறைந்த சத்தம் கேட்டபிறகுதான் கொழுந்துக்குப் போகிறேன்.